லீவு சரண்டர்

லீவு என்ற வார்த்தைக்குத் தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. விடுமுறை, விடுப்பு. இரண்டும் ஒன்று என்று அகராதி சொல்லலாம். ஆபீசுக்குப் போகிறவனைக் கேளுங்கள், இல்லை என்பான். விடுமுறை என்பது அவர்களாகவே விடுவது. விடுப்பு என்பது நாமாகப் போய், மேலதிகாரியின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, காரணம் எழுதி, கையெழுத்துக்குக் காத்திருந்து வாங்குவது. பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததில் நமக்கு என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டால், முதல் சொல் போய் இரண்டாவது சொல் வந்ததுதான் என்பேன்.

முதல் சொல்லில் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிற ஒரு ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறான். அண்ணன் பையன். ஒன்பதாம் வகுப்பு. மீசை வரலாமா வேண்டாமா என்று அவன் உதட்டுக்கு மேலே ஒரு கமிட்டி கூடி யோசித்துக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் கடைசியில் மளிகைக் கடைக்காரர் கொடுக்கும் தினசரி காலண்டரை வாங்கியதும் அண்ணி ராகுகாலம் பார்ப்பாள். அண்ணன் அமாவாசை பார்ப்பான். பையன் மட்டும் நேராக அரசு விடுமுறைப் பட்டியலுக்குப் போவான். அதில் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருக்கும் பண்டிகைகளை அகாலத்தில் போய்ச் சேர்ந்த உறவினர்களைப் போல வரிசையாகச் சொல்வான். "2021-ல சுதந்திர தினம் போச்சு சித்தப்பா. 2022-ல காந்தி ஜெயந்தி. 2023-ல தீபாவளியே போச்சு."

"அந்தத் தீபாவளிக்குத்தான் திங்கட்கிழமை லீவு விட்டாங்களேடா?"

"விட்டாங்க. 2024-ல பாருங்க. தீபாவளி வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமையும் லீவுன்னாங்க. ஆஹான்னு குதிச்சேன். அப்புறம் நவம்பர் 9 சனிக்கிழமை வேலை நாளாம். இது லீவு இல்ல சித்தப்பா, ஈ.எம்.ஐ."

மழை லீவு பற்றி அவனிடம் ஒரு தனி விஞ்ஞானமே இருக்கிறது. நான் படித்த காலத்தில் காலை ரேடியோ செய்தியில் நம் மாவட்டத்தின் பெயர் வருகிறதா என்று பல் தேய்க்காமல் உட்கார்ந்திருப்போம். இப்போது கலெக்டர் நேராக அவர் பக்கத்தில் போட்டுவிடுகிறார். அவருக்குக் கீழே பையன்கள் எழுதுகிற விண்ணப்பங்களைப் படித்தால், நாம் ஆபீசில் எழுதும் லீவு லெட்டர் எவ்வளவு உயிரற்றது என்று தெரியும். பையனின் கணக்குப்படி, மழை ராத்திரி பெய்து பிரயோஜனமில்லை. விடியற்காலை அஞ்சு மணியிலிருந்து ஏழு மணி வரை விடாமல் பெய்ய வேண்டும். அறிவிப்பு வந்ததும் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு கிரிக்கெட் ஆடும் அளவுக்கு வெயில் வர வேண்டும். இவ்வளவு நிபந்தனையோடு வருண பகவானிடம் டெண்டர் விடுகிறவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்காக எல்லா லீவும் அவனுக்கு இனிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2015 நவம்பர், டிசம்பரில் சென்னையில் வாரக்கணக்கில் பள்ளிக்கூடம் கிடையாது. தெருவில் படகு போனபோது அந்த லீவை யாரும் கொண்டாடவில்லை. அப்போது இவனுக்கு நாலு வயசு, ஒன்றும் தெரியாது. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய கேட்டை இவன் நன்றாகவே அறிவான். மூணாவது படிக்கும்போது மூடியது, இவன் வகுப்புக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. அதற்குள் இவன் அஞ்சாவது வந்துவிட்டான். நாலாவது என்கிற ஒரு வகுப்பையே அண்ணனின் செல்போனுக்குள் படித்து முடித்தான். "நாலாவதுல உன் பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தா?" என்று கேட்டால் "சார்ஜர்" என்பான்.

அந்த ஒன்றரை வருஷத்தை அவன் லீவுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஸ்கூல் இல்லாவிட்டால் லீவு ஆகிவிடாது என்பது அவனுடைய அபிப்பிராயம். "லீவுன்னா எங்கேயாவது போகணும் சித்தப்பா. இல்லாட்டி யாராவது வரணும்."

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் மாநில அரசு ஊழியன். வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. அது தவிர ஈட்டிய விடுப்பு. அதை எடுக்காமல் சேர்த்துக்கொண்டே போகலாம், 240 நாள் வரை. அண்ணன் அதை நகை மாதிரி சேர்க்கிறான். யாருக்காவது கல்யாணம், காய்ச்சல் என்றால்கூட அந்தப் பெட்டியைத் திறக்க மாட்டான். வருஷத்துக்கு 15 நாளை மட்டும் அரசாங்கத்திடமே ஒப்படைத்து, அதற்குச் சம்பளமாக வாங்கிக்கொள்ளும் வசதிக்குப் பெயர் சரண்டர். 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி இதை நிறுத்தினார்கள். 2025-ல் திரும்ப வந்தது. அன்றைக்கு அண்ணன் ஆபீசிலிருந்து வரும்போது ஒரு கிலோ ஜாங்கிரியோடு வந்தான்.

ஜாங்கிரி தின்றுகொண்டே பையன் விசாரித்தான். விஷயம் புரிந்ததும் அவனுக்கு ஜாங்கிரி இறங்கவில்லை.

"லீவை வித்துட்டீங்களாப்பா?"

"விக்கலைடா. சரண்டர்."

"காசு குடுத்தாங்கல்ல?"

"குடுத்தாங்க."

"அப்ப வித்ததுதான்."

பதினாலு வயசுக்காரனுக்கு லீவை விற்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே அதிர்ச்சி. கிட்னியை விற்றதாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். பாவம், தன்னுடைய லீவும் விலைபேசி முடிந்துவிட்டது அவனுக்கு அப்போது தெரியாது.

அடுத்த வருஷம் அவன் பத்தாவது. நம் ஊரில் ஒன்பதாவது லீவில் பத்தாவது பாடம், பத்தாவது லீவில் பிளஸ் ஒன் பாடம், பிளஸ் ஒன் லீவில் பிளஸ் டூ பாடம். அதற்குப் பிறகு வரும் லீவில் நீட். விடுமுறை நாளில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை வருஷா வருஷம் சுற்றறிக்கை விடுகிறது. வகுப்பும் வருஷா வருஷம் நடக்கிறது. பேரை மட்டும் மாற்றிவிடுவார்கள். ஓரியன்டேஷன், பிரிட்ஜ் கோர்ஸ், சம்மர் கேம்ப். யூனிஃபார்ம் போடாமல் கலர் டிரஸ்ஸில் வரச் சொல்வார்கள். தப்பு செய்யும்போது மாறுவேஷம் போட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு இவ்வளவு சின்ன வயசிலேயே கற்றுக்கொடுப்பது ஒரு விதத்தில் வாழ்க்கைக் கல்விதான்.

ஒரு தலைமுறைக்கு ஒரு பரீட்சை என்று இருந்த காலமும் உண்டு. 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன்னால், பதினோராவது வரை பள்ளிக்கூடம், அப்புறம் காலேஜில் ஒரு வருஷம் பி.யு.சி. 1984-ல் மெடிக்கல், இன்ஜினீயரிங்குக்கு நுழைவுத் தேர்வு. 2006-ல் அதை எடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2017-ல் நீட். அடுத்த வருஷப் பரீட்சையிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு, 2025-ல் அது வேண்டாம் என்று அறிவிப்பு. பரீட்சை வரும், போகும். அது தின்ற லீவு மட்டும் திரும்ப வருவதில்லை.

எல்லாவற்றையும் விட பையனுக்குப் பிடித்த சரித்திரம் 2020-ஆம் வருஷப் பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வே ரத்து, எல்லோரும் பாஸ். மார்க் எப்படிப் போட்டார்கள்? காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 சதவீதம். ஸ்கூலுக்கு வந்ததற்கு 20 சதவீதம். "காலாண்டை எவன் சீரியஸா எழுதுவான் சித்தப்பா? அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!" என்று, போரில் மாண்டவர்களை நினைப்பது போல ஒரு நிமிஷம் மௌனமாக இருப்பான்.

ஆக, வரப்போகும் மே மாதம் முழுவதும் டியூஷன் என்று தீர்மானமாகிவிட்டது. காலை ஆறரைக்கு கணக்கு, பத்துக்கு சயின்ஸ். அட்வான்ஸ் கட்டியாயிற்று. கட்டிய பிறகுதான் பையனிடம் சொன்னார்கள்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்ப தாத்தா?" என்று மட்டும் கேட்டான்.

எங்கள் அப்பா திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். எழுபத்தொன்பது வயசு. சென்னைக்குக் கூப்பிட்டால் "அங்க வந்து எந்தத் தண்ணியப் பாக்கறது?" என்பார். டெல்டாக்காரர்களுக்கும் ஒரு கல்வியாண்டு உண்டு. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பது, ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது என்று நெடுநாள் வழக்கம். அதாவது தண்ணீர் கைவசம் இருந்தால். தண்ணீர் கல்லணைக்கு வரவே மூணு நாலு நாள், அங்கிருந்து பிரிந்து ஊர் வாய்க்காலுக்கு வர மேற்கொண்டு சில நாள். கோடை லீவுக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காவிரி என்றால் ஒரு பெரிய மணல் மைதானம். ஸ்டம்ப் நடுவதற்கு அதைவிட நல்ல நதி கிடையாது. தண்ணீர் வரும்போது இவர்கள் ஸ்கூலில் இருப்பார்கள். நானும் என் அண்ணனும் காவிரிக் கரையில் பிறந்தவர்கள், அதனால் தப்பித்தோம். சென்னையில் பிறந்தவனுக்கு ஆறும் லீவும் சேர்ந்து கிடைப்பதில்லை.

ஒரே ஒரு வருஷம் கிடைத்தது. 2022. மேட்டூரை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் ஜூன் 13-ஆம் தேதி. கொரோனாவுக்குப் பிறகு இவனுக்குக் கிடைத்த முதல் நிஜமான லீவு அது. அஞ்சாவது முடித்தவனைத் தாத்தா வாய்க்காலில் இறக்கினார். வாழைத்தண்டை வயிற்றோடு கட்டி, முகவாயில் ஒரு கை கொடுத்து, "காலை அடிடா, காலை அடி" என்று நீச்சல் பாடம். மிதக்க வந்துவிட்டது. வாழைத்தண்டை அவிழ்க்க வேண்டிய நாளில் இவன் ரயில் ஏற வேண்டியதாயிற்று. "மிச்சத்தை அடுத்த லீவுல பாத்துக்கலாம்" என்றார் தாத்தா.

அடுத்த லீவு? 2023-ல் இவன் ஸ்கூலும் மேட்டூரும் ஒரே நாளில், ஜூன் 12-ல் திறந்தன. "ரெண்டுக்கும் ஒரே ஆள்தான் சாவி வச்சிருக்காரா?" என்று கேட்டான். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லை, திறந்தது ஜூலை 28. 2025-ல் அணை ஜூன் 12, ஸ்கூல் ஜூன் 2. அந்த மிச்சப் பாடம் அப்படியே நிற்கிறது. இவன் ஒன்பதாவது வந்துவிட்டான். தாத்தாவும் தன் கணக்கில் சில வகுப்புகள் ஏறிவிட்டார். படித்துறையில் இறங்கும்போது இப்போது கைத்தடி வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்போம். அவர் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "பையனுக்கு லீவு எப்ப? எத்தனை நாள்?"

பள்ளிக்கூடத்து லீவை அதிகமாக எண்ணுகிறவர்கள் மாணவர்கள் அல்ல என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அண்ணியைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணி பிளஸ் டூ எழுதியது நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில். மெடிக்கல் கட்-ஆஃப் அரை மார்க்கில் போனது. இன்றைக்கும் டாக்டர் வீட்டு போர்டைப் பார்த்தால் ஒரு வினாடி நின்றுவிட்டுத்தான் நடப்பாள். "அந்த அரை மார்க் எந்த லீவுல போச்சுன்னு எனக்குத் தெரியாது. இவனுக்கு எந்த லீவுலயும் போகக் கூடாது" என்றாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நானும் அண்ணனும் ஃபேனைப் பார்த்தோம். அது சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் ராத்திரி பையன் ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தான். தலைப்பு: லீவு சரண்டர் விண்ணப்பம்.

1. மே மாத லீவு முழுவதையும் சரண்டர் செய்கிறேன். டியூஷனுக்கு ஒரு நாள்கூட மட்டம் போட மாட்டேன்.

2. இரவு 9 மணிக்கு மேல் செல்போன் அம்மாவிடம்.

3. பதிலாக, பத்தாவதில் காலாண்டு லீவு முழுவதும் தாத்தா வீடு. அப்போது வாய்க்காலில் தண்ணீர் இருக்கும். புத்தகம் வராது.

4. கூட வருவது, டிக்கெட் எடுப்பது சித்தப்பா பொறுப்பு.

நாலாவதை என்னைக் கேட்காமலேயே எழுதியிருந்தான்.

எங்கள் வீட்டில் காலாண்டு லீவுக்கு ஊருக்குப் போகும் வழக்கமே கிடையாது. அண்ணனுக்கு அது அரையாண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். அண்ணிக்கு ஆயுத பூஜை, வீடு ஒழிக்கும் வேலை. எட்டு ஒன்பது நாள்தானே என்று யாரும் அதை ஒரு லீவாகவே மதித்ததில்லை. யாரும் கவனிக்காத அந்தத் துண்டு நிலத்தைத்தான் பையன் வளைத்துப் போடப் பார்க்கிறான்.

அண்ணன் அந்தத் தாளை ஃபைல் மாதிரி இரண்டு தடவை படித்தான். ஓரத்தில் இனிஷியல் போட்டு, மேல் நடவடிக்கைக்காக அண்ணியிடம் தள்ளினான். இருபது வருஷ சர்வீஸ், வேறென்ன செய்வான்?

அண்ணி பேனாவை எடுத்தாள். மூணாவது நிபந்தனைக்குப் பக்கத்தில் எழுதினாள்: 'காலாண்டில் 500-க்கு 450 எடுத்தால்.'

பையன் படித்துப் பார்த்தான். தாளைத் திரும்ப மேஜையில் வைத்தான்.

"அப்ப அது லீவு இல்லம்மா. பரிசு. 449 எடுத்தா தாத்தாகிட்ட நான் என்ன சொல்றது? உங்களப் பாக்க எனக்கு ஒரு மார்க் கொறைஞ்சு போச்சுன்னா?"

நான் அங்கே இருந்தேன். சொல்கிறேன், அவன் சாமர்த்தியமாகப் பேசுகிறவன்தான், ஆனால் இதைச் சாமர்த்தியத்துக்காகச் சொல்லவில்லை. குரல் கொஞ்சம் உடைந்தது. அந்த வயசில் குரல் தானாகவே உடையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அண்ணி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அரை மார்க்கால் என்னென்ன நின்றுபோகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் அவளே அந்த வரியை அடித்தாள். அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள், பின்னால் தகராறு வரக் கூடாதல்லவா. "தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டு குளி. ஆத்துல இறங்காதே, வாய்க்கால் மட்டும்" என்று வாய்மொழியாக இரண்டு ஷரத்துகளைச் சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பையனே தாத்தாவிடம் சொன்னான். அந்தப் பக்கம் வழக்கமான கேள்வி. "எத்தனை நாள்?"

"எட்டு ஒன்பது நாள் இருக்கும் தாத்தா."

"போதும்டா. மிச்சம் நாலு நாள் பாடந்தான். மீதி நாள் அசோகா அல்வா சாப்பிடலாம்."

பெற்றோர்கள், சித்தப்பாக்கள் கவனத்துக்கு ஒரு வார்த்தை. உங்கள் லீவை நீங்கள் விற்கலாம், அதற்கு அரசாங்கமே ரேட் வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளையின் லீவில் பாதிப் பங்கு வேறொருவர் பேரில் இருக்கும். ஊரில் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விற்பதற்கு முன்னால் அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

நாலாவது நிபந்தனைப்படி நான் என் ஆபீசில் செப்டம்பர் கடைசிக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். ரயில் டிக்கெட்டே 60 நாளைக்கு முன்னால்தான் எடுக்க முடியும். இத்தனை மாதம் முன்பே லீவு கேட்ட முதல் ஆள் நான்தானாம். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தார். 'அண்ணன் மகனின் நீச்சல் பாடம், மீதி' என்று எழுதியிருந்தேன். முழுக் கதையையும் கேட்டார். அவரும் தஞ்சாவூர்க்காரர்தான்.

கேட்டு முடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"முதல்ல கர்நாடகா தண்ணி விடட்டும். அப்புறம் நான் லீவு விடறேன்."